ஆட்டுக் கருமுட்டைக்கு எந்த ஆன்டிஆக்ஸிடன்ட், எவ்வளவு, எப்போது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தர்மபுரி கறிக்கடைகளில் வெள்ளாட்டுச் சினைப்பைகளை வாங்கி, சேலம் தாண்டியிருக்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகிறார். அங்கே கருமுட்டைகளை முதிர வைத்து, கிடாய் விந்தோடு சேர்த்துக் கருவாக்குகிறார். முட்டை முதிர்கிறது, கருத்தரிக்கிறது, இரண்டாகவும் நான்காகவும் பிளக்கிறது. எட்டு செல்லுக்கு வந்ததும் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. "ஆன்டிஆக்ஸிடன்ட் ஏதாவது சேர்த்துப் பார் என்கிறார் வழிகாட்டி. கட்டுரைகளைப் புரட்டினால் பதினைந்து பெயர் வருகிறது. எதைச் சேர்ப்பது அக்கா, எவ்வளவு? இதெல்லாம் நம் ஊர் மாட்டுக்கு என்றைக்காவது உதவுமா என்று அப்பா வேறு கேட்கிறார்."

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்று சேர்ப்பதானால் சிஸ்டியாமின் என்ற கந்தகச் சேர்மத்தைச் சேருங்கள். 100 மைக்ரோமோலார். முட்டையை முதிர வைக்கும் திரவமான முதிர்வு ஊடகத்தில் மட்டும். ஆனால் அந்தப் போத்தலைத் திறப்பதற்கு முன் சினைப்பை கொண்டுபோகும் உங்கள் பிளாஸ்க், மைக்ரோஸ்கோப் விளக்கு, ஊடகத் துளியை மூடும் மினரல் ஆயில், கருவளர்ப்புக்கு விடும் வாயு, இந்த நான்கையும் ஒரு முறை பாருங்கள். கரு எட்டு செல்லில் நிற்பதற்குக் காரணம் அவற்றில் ஒன்றாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டில் வாழைப்பூ ஆயும்போது நறுக்க நறுக்க மோர்த்தண்ணீரில் போடுவார்கள். போடாமல் விட்டால் அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். கருமுட்டையில் நடக்கும் வேதியியல் வேறு. ஆனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. சினைப்பையின் மேல் நீர்க்கொப்புளம் போலத் தெரிகிறதே ஃபாலிக்கிள், அதற்குள் இருக்கும்வரை முட்டைக்கு ஆக்ஸிஜன் குறைவு, வெளிச்சமே இல்லை, சுற்றியுள்ள திரவத்தில் காவலுக்குப் போதுமான பொருட்கள் உண்டு. கருக்குழாய்க்குள் போனாலும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 2 முதல் 8 சதவீதம்தான். நாம் என்ன செய்கிறோம்? ஊசியால் உறிஞ்சி, விளக்கடியில் வைத்துத் தேடி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த சாதாரணக் காற்றில் ஒரு நாள் முழுக்க வைக்கிறோம். அந்தக் காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட 20 சதவீதம்.

எந்த செல்லும் மூச்சுவிடும்போது கொஞ்சம் சூப்பர் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாக்கத்தான் செய்யும். அதை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்; அந்த வேலைக்கு செல்லுக்குள்ளேயே சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்று நொதிகள் இருக்கின்றன. உற்பத்தி அடக்கும் திறனைத் தாண்டினால் சவ்விலுள்ள கொழுப்பு கெடுகிறது, மைட்டோகாண்ட்ரியா சோர்கிறது, குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர் நார்கள் கோணலாகின்றன. இது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தால் நமக்கு வேலை சுலபம். தெரியாது. விந்தணு கொண்டுவருவது பெரும்பாலும் அதன் மரபணுச் சரக்குதான். முதல் சில பிளவுகளுக்கு வேண்டிய புரதம், ஆர்.என்.ஏ., மைட்டோகாண்ட்ரியா எல்லாம் தாய் முட்டையில் கட்டிக் கொடுத்த சாப்பாடு. ஆடு, செம்மறி, மாடு மூன்றிலும் கருவின் சொந்த மரபணுக்கள் முழுமூச்சாக வேலையை எடுத்துக்கொள்வது 8 முதல் 16 செல் கட்டத்தில். கட்டுச்சோறு அதற்கு முன்பே தீர்ந்துபோனால் கரு அங்கேயே உட்கார்ந்துவிடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். முதிர்வின்போதோ அதற்கு முன் பஸ்ஸிலோ பட்ட அடி, மூன்று நாள் கழித்து எட்டு செல்லில் தெரிகிறது. வளர்ப்பு ஊடகமும் வாயுவும் சரியில்லாவிட்டாலும் இதே இடத்தில்தான் நிற்கும். அதனால்தான் வாயுவையும் பட்டியலில் வைத்தேன்.

இதில் மாணவர்கள் வழுக்கும் ஓர் இடம் உண்டு. "முதிர்வு நன்றாக வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? முட்டை பிரியும்போது ஒதுக்கித் தள்ளும் சின்ன உருண்டையான முதல் துருவ உறுப்பு வெளியே வந்ததைப் பார்த்து. அது உட்கருவின் முதிர்வு மட்டுமே. முயல் முட்டையை ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்தாலே போதும், அதுவாகவே பிரிவைத் தொடங்கிவிடும் என்று பிங்கஸ், என்ஸ்மான் என்ற ஆய்வாளர்கள் 1935-லேயே காட்டிவிட்டார்கள். பசு, செம்மறி, பன்றி, மனித முட்டைகள் வெளியில் எத்தனை மணி நேரத்தில் எந்தக் கட்டத்தை எட்டும் என்பதை ராபர்ட் எட்வர்ட்ஸ் 1965-ல் தெளிவாக்கினார். உட்கரு தன் பாட்டுக்கு ஓடிவிடும். சைட்டோபிளாசம் முதிர்வதுதான் கடினம்: மைட்டோகாண்ட்ரியா இடம் மாற வேண்டும், கார்டிகல் துகள்கள் ஓரத்துக்கு வர வேண்டும், குளூட்டாதயோன் சேர வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் உதவுவதானால் இந்தப் பக்கத்தில்தான் உதவும். துருவ உறுப்பை எண்ணி அதன் பலனை அளக்க முடியாது.

குளூட்டாதயோனைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சிஸ்டியாமினைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அது. குளூட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலம் கோத்த சின்னப் பொருள். முட்டை முதிர முதிர அதற்குள் குளூட்டாதயோன் ஏறிக்கொண்டே போய், கருத்தரிக்கத் தயாரான கட்டத்தில் உச்சத்தில் இருக்கும். பெராக்சைடை அடக்குவது ஒரு வேலை. இன்னொன்று, விந்தணுவின் தலையை அவிழ்ப்பது. விந்தணு தன் டி.என்.ஏ.வை புரோட்டமின் புரதத்தால் இறுகச் சுற்றி, கந்தகப் பாலங்களால் தைத்துக்கொண்டு வருகிறது. அந்தத் தையலைப் பிரிக்க முட்டைக்குள் குளூட்டாதயோன் வேண்டும். இல்லையென்றால் விந்தணு உள்ளே போயும், அதன் டி.என்.ஏ. அவிழ்ந்து உருவாக வேண்டிய ஆண் முன்னுட்கரு உருவாகாமல் கிடக்கும்.

சரி, அப்படியானால் குளூட்டாதயோனையே ஊடகத்தில் கொட்டலாமே என்று தோன்றும். அது முழுசாக முட்டைக்குள் சரிவரப் போகாது. முட்டையே உள்ளே தயாரித்துக்கொள்ள வேண்டும். தயாரிக்க மூன்றில் எது தட்டுப்பாடு என்றால் சிஸ்டீன். அதை ஊடகத்தில் போட்டால் காற்றுப் பட்டு, இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு சிஸ்டின் ஆகிவிடும் (பெயரில் ஒரு குறில் நெடில்தான் வித்தியாசம், கவனம்). உங்கள் டி.சி.எம்.-199 ஊடகத்தின் கலவைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: சிஸ்டின் டைஹைட்ரோகுளோரைடு லிட்டருக்கு 26 மில்லிகிராம் இருக்கும், சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு 0.11 மில்லிகிராம்தான். மூட்டை பூட்டிய அறையில் இருக்கிறது, கையில் பிடி அரிசி இல்லை என்கிற நிலை. சிஸ்டியாமின் அந்தப் பூட்டைத் திறக்கிறது. சிஸ்டினோடு வினைபுரிந்து அதைப் பிரித்து, முட்டையும் அதைச் சுற்றியுள்ள கியூமுலஸ் செல்களும் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவமாக்குகிறது. அர்ஜென்டினாவில் டி மாட்டோஸ் குழு 1990-களில் பசு முட்டையில் இதைக் காட்டியது. எருமை முட்டையில் இத்தாலியின் கஸ்பரினி குழு 2000-த்தில் 50 மைக்ரோமோலாரில் நல்ல பலன் கண்டது. பிறகு கூடவே சிஸ்டினும் சேர்த்துப் பார்த்தார்கள். பலரும் பல விலங்கில் திரும்பச் செய்து பார்த்த பொருள் என்பதோடு, எந்த வழியில் வேலை செய்கிறது என்பதும் நமக்குப் புரிகிறது. ஒரு முதுகலை மாணவர் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கலக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். சிஸ்டியாமின் ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 113.6. 11.36 மில்லிகிராமை 1 மில்லி சுத்த நீரில் கரைத்தால் 100 மில்லிமோலார். அதை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் வாய்வரை நிரப்பி, மைனஸ் 20-ல் வையுங்கள். பயன்படுத்தும் அன்று 1 மில்லி ஊடகத்துக்கு 1 மைக்ரோலிட்டர். அவ்வளவுதான். இந்தத் தூள் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் போத்தலைத் திறந்துவைத்துவிட்டுத் தராசு பக்கம் நிதானமாக நடந்து போனால், நீங்கள் எடை போடுவது பாதி தண்ணீரையாக இருக்கும். போத்தலைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுப் பிறகு திறங்கள். கந்தக நெடி அடிக்கும், அது இயல்பு. ஒரு முறை உருகிய குப்பியை மறுபடி உறைய வைக்காதீர்கள். காற்றுப் பட்ட சிஸ்டியாமின் தானே ஆக்ஸிஜனேறிவிடும், அதன் பிறகு அது யாரையும் காப்பாற்றாது.

மற்றப் பெயர்களுக்கு வருகிறேன். பீட்டா மெர்காப்டோஎத்தனாலும் ஏறக்குறைய சிஸ்டியாமின் வேலையைத்தான் செய்கிறது. நச்சு அதிகம், புகைப்பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடுவதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. வைட்டமின் சி மலிவு, ஆனால் ஊடகத்தில் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும். இரும்பு இருக்கிற இடத்தில் எதிர்வேலையும் செய்யும். சினைப்பையைக் கீறி முட்டை எடுக்கும் முறையில் இரத்தம் நிறையக் கலக்கும், இரத்தத்தில் இரும்பு உண்டு, நினைவில் வையுங்கள். வைட்டமின் ஈ கொழுப்பில் கரைவது. ஊடகத் துளியை மினரல் ஆயிலால் மூடினால் அது துளியை விட்டு எண்ணெய்க்குப் போய்விடும். ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோனுக்கும் இதே கதைதான். அதனால் முதிர்வை எண்ணெய் இல்லாமல் நான்கு குழித் தட்டில், குழிக்கு அரை மில்லி ஊடகத்தில் செய்யுங்கள் என்பது என் கருத்து. செலினியம் வேண்டுமானால் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் மூன்றும் கலந்து விற்கும் கரைசலே போதும்; குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் நொதிக்கு அது தேவை. கேட்டலேஸையும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸையும் நேரே ஊற்றுவோரும் உண்டு. அவை பெரிய புரதங்கள், வெளியே நின்று ஊடகத்தைச் சுத்தம் செய்யுமே தவிர முட்டைக்குள் நுழையாது.

மெலடோனின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஃபாலிக்கிள் திரவத்திலேயே இருக்கும் பொருள், கியூமுலஸ் செல்களில் அதற்கு ஏற்பிகளும் உண்டு, மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும். நானோமோலார் தொடங்கி மைக்ரோமோலார் வரை பலரும் சோதித்திருக்கிறார்கள். அதுவே சிக்கலும் ஆகிறது: ஆய்வுக்கு ஆய்வு நல்ல அளவு பத்து மடங்கு, நூறு மடங்கு மாறுகிறது. வெளிச்சம் பட்டால் கெடும், எத்தனாலில் கரைத்துத்தான் போட வேண்டும். ரெஸ்வெரட்ரால் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் அப்படியே. அப்போது எத்தனால் மட்டும் சேர்த்த ஒரு குழு கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளந்தது மெலடோனினையா எத்தனாலையா என்று கேட்டால் பதில் இருக்காது. எருமைக்கு வந்தால் எல்-கார்னிடின் என்று ஒன்று தனியாகப் பார்க்கத் தகும். எருமை முட்டை மைக்ரோஸ்கோப்பில் கறுப்பாகத் தெரிவது கொழுப்புத் துளிகளால். அந்தக் கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய் எரிபொருளாக்க உதவுவது கார்னிடின். கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990-ல் 'பிரதம்' என்ற கன்று சோதனைக்குழாய் முறையில் பிறந்ததிலிருந்து எருமை முட்டையில் நம் நாட்டு ஆய்வாளர்கள் நிறையப் பாடுபட்டிருக்கிறார்கள். ஒரு எருமைச் சினைப்பையில் நல்ல முட்டை ஒன்று கிடைத்தாலே பெரிது என்ற நிலையில் உழைத்தவர்கள் அவர்கள். நீங்கள் ஆட்டோடு இருப்பதால் கார்னிடினை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஒன்று நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லது என்று ஐந்தையும் கலந்துவிடாதீர்கள். முட்டை பிரிவைத் தொடங்குவதற்கே சூப்பர் ஆக்சைடு, பெராக்சைடு போன்றவை சிறிதளவு சைகையாகத் தேவைப்படுகின்றன. விந்தணு முட்டையைத் துளைக்கத் தகுதி பெறுவதற்கும் அப்படித்தான். முழுக்கத் துடைத்து எடுத்தால் அந்தச் சைகையும் போய்விடும். அதனால்தான் முதிர்வு ஊடகத்தில் மட்டும் என்று சொன்னேன். விந்தோடு சேர்ப்பதற்கு முன் முட்டைகளைக் கருத்தரிப்பு ஊடகத்தில் இரண்டு மூன்று முறை கழுவிவிடுங்கள்.

அடுத்தது, முதலில் சொன்ன நான்கு இடங்கள்.

பிளாஸ்க். கறிக்கடையில் ஆடு விழுவது விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு. நீங்கள் ஐந்தாறு கடை சுற்றிச் சேர்த்து, பஸ் ஏறி, ஆய்வுக்கூடம் போய்ச் சேர எத்தனை மணி ஆகிறது? சினைப்பை உடம்பை விட்டு வந்த நொடியிலிருந்து இரத்த ஓட்டம் இல்லை. நான்கு மணி நேரத்துக்குள் முட்டையை வெளியே எடுத்துவிடப் பாருங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசல், அதில் ஆன்டிபயாடிக், சூடு 30 முதல் 35 டிகிரி. இதையெல்லாம் நீங்கள் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். ஆனால் பிளாஸ்க்கைப் பஸ்ஸில் எங்கே வைக்கிறீர்கள்? சித்திரை மாதத்தில் இன்ஜின் மூடியின் மேல் வைத்தால் ஒன்று, மார்கழியில் ஜன்னலோரம் மடியில் வைத்தால் ஒன்று. தொப்பூர் கணவாய் ஏறி இறங்குவதற்குள் ஐந்தாறு டிகிரி மாறிவிடும். கறிக்கடைக்காரர்களிடம் இன்னொரு விஷயமும் கேட்டு வையுங்கள். கடையில் பெரும்பாலும் விழுவது கிடாய்கள். பெட்டை வருவது கிழடு, மலடு, இல்லை வளர்க்க வழியில்லாமல் விற்ற குட்டி. வயதுக்கு வராத குட்டியின் முட்டை பார்க்க நன்றாக இருந்தாலும் கரு தாங்காது. பார்சிலோனாவில் இந்தக் குட்டி முட்டைகளையே எடுத்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார்கள்; சிஸ்டியாமினை 400 மைக்ரோமோலார் வரை சோதித்திருக்கிறார்கள். உங்கள் பையில் பாதி குட்டிகளுடையது என்றால் எட்டு செல் தடைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் மஞ்சள் திட்டின் பழைய வடு சினைப்பையில் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு குப்பியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடு இருந்தால் அந்த ஆடு பருவத்துக்கு வந்தது.

விளக்கு. முட்டை தேடும்போது முழு வெளிச்சம் வைக்காதீர்கள். தேடும் நேரத்தைப் பதினைந்து நிமிடத் தவணைகளாகப் பிரியுங்கள். நல்ல முட்டையை எப்படிக் கண்டுகொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்குப் பிடித்த காட்சி அது. எடுத்தவுடன் கியூமுலஸ் செல்கள் முட்டையைச் சுற்றி மூன்று நான்கு அடுக்காக இறுக்கமாக ஒட்டியிருக்கும், உள்ளே ஒரே சீரான பழுப்பு நிறம். மறுநாள் 24 மணி நேரம் கழித்து அதே தட்டைப் பாருங்கள். சப்ஜா விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சுற்றிலும் கண்ணாடிக் குழம்பு பொங்கி நிற்குமே, அப்படிப் பொங்கியிருக்கும். ஹையலூரானிக் அமிலம் சுரந்து செல்கள் விலகி மிதப்பதால் வருவது. தொட்டால் பிப்பெட்டில் ஒட்டிக்கொண்டு வரும். கியூமுலஸ் உரிந்துபோன மொட்டை முட்டைகளைச் சோதனையில் சேர்க்காதீர்கள். குளூட்டாதயோன் தயாரிப்பில் அந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எண்ணெய். நான் படித்த காலத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மார்ச் மாதம் கருக்கள் நிற்க ஆரம்பித்தன. உங்களுடையது போலவே எட்டு, பத்து செல்லில். சீரம் மாற்றினோம், ஊடகம் புதிதாகக் கலக்கினோம், தண்ணீரை மாற்றினோம், விந்தை மாற்றினோம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ இரண்டும் சேர்த்துப் பார்த்தோம். இரண்டு மாதம் போனது. கடைசியில் ஒரு மதியம் மேசையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: மினரல் ஆயில் போத்தல் ஜன்னலோரத் தட்டில், மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் இருந்தது. கையில் எடுத்தால் சுட்டது. வெயிலும் சூடும் பட்ட எண்ணெயில் பெராக்சைடு ஊறும். கடலை எண்ணெய் என்றால் காறல் வாடை வந்து காட்டிக் கொடுத்துவிடும். மினரல் ஆயிலில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. புதுப் போத்தல் வாங்கி, அலுமினியத் தாள் சுற்றி, இருட்டான அலமாரியில் வைத்த அடுத்த சுற்றிலேயே கருக்கள் எட்டைத் தாண்டின. அந்த இரண்டு மாதமும் நாங்கள் ஆன்டிஆக்ஸிடன்டைத் துளிக்குள் ஊற்றிக்கொண்டு, மேலே பெராக்சைடால் மூடியிருக்கிறோம். அன்றிலிருந்து யார் கரு நிற்கிறது என்று கேட்டாலும் நான் முதலில் கேட்பது எண்ணெய் எங்கே இருக்கிறது என்றுதான்.

வாயு. முதிர்வுக்குச் சாதாரணக் காற்றோடு 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு போதும், பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். கருத்தரித்த பிறகு வளர்ப்புக்கு மட்டும் ஆக்ஸிஜனை 5 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். மூன்று வாயு இன்குபேட்டர் இல்லையென்றால், 5 சதவீதம் ஆக்ஸிஜன், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 90 சதவீதம் நைட்ரஜன் கலந்த சிலிண்டரும் காற்றுப் புகாத ஒரு பெட்டியும் போதும். பெட்டியை வாயுவால் நிரப்பி மூடி, 38.5 டிகிரி இன்குபேட்டருக்குள்ளேயே வைத்துவிடலாம். செம்மறியிலும் பசுவிலும் கரு வளர்ப்பில் குறைந்த ஆக்ஸிஜனின் பலன் பல முறை நிரூபணமான ஒன்று. எந்த மருந்தையும்விட இதை நான் அதிகம் நம்புவேன்.

இந்த நான்கும் சரியான பிறகு சிஸ்டியாமின் சோதனைக்கு வாருங்கள். 0, 50, 100, 200 மைக்ரோமோலார் என்று நான்கு குழு. ஒரே நாள் முட்டைகளைக் கலந்து நான்காகப் பிரியுங்கள். ஒரு ஞாயிறு ஒரு அளவு, அடுத்த ஞாயிறு வேறு அளவு என்று செய்தால் ஞாயிற்றுக்கு ஞாயிறு வித்தியாசத்தைத்தான் அளந்திருப்பீர்கள். ஒரே கிடாயின் உறைவிந்து. குறைந்தது ஆறு சுற்று. ஊடகத்தில் போட்ட மொத்த முட்டையில் எத்தனை பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழிவிட்டு வளர்ந்த கரு) ஆனது என்று கணக்கிடுங்கள். பிளந்தவற்றில் எத்தனை என்று மட்டும் எழுதினால் எண் அழகாக இருக்கும், உண்மை தெரியாது. கிடைத்த பிளாஸ்டோசிஸ்டுகளை ஹெக்ஸ்ட் 33342 சாயம் போட்டு செல்களை எண்ணுங்கள். முட்டைக்குள் குளூட்டாதயோன் ஏறியதா என்பதையும் ஒளிரும் சாயத்தால் பார்க்க முடிந்தால் நல்லது, அப்போதுதான் மருந்து தன் வழியில்தான் வேலை செய்தது என்று சொல்ல முடியும்.

அப்பாவின் கேள்வி. தேவையான கேள்வி அது. அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று கறப்பது பெரும்பாலும் கலப்பின மாடு. ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய ஆலம்பாடி மாடு, ஏர் இழுத்தும் பாரம் இழுத்தும் இந்த மேட்டு நிலத்தில் வாழ்ந்த இனம், இன்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. (பர்கூர் மாட்டின் பர்கூர் நம் கிருஷ்ணகிரிப் பர்கூர் என்று பலர் நினைக்கிறார்கள், அது ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலை.) ஆலம்பாடிக்காக நம் மாவட்டத்திலேயே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நல்ல காளையின் விந்தைப் பல ஆண்டுகள் உறைய வைத்துப் பரப்பலாம். நல்ல பசுவோ ஆண்டுக்கு ஒரு கன்றுதான் போடும். அந்தப் பசுவின் சினைப்பையிலிருந்து ஊசியால் முட்டை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் முதிர வைத்து, கருவாக்கி, சாதாரணக் கலப்பினப் பசுக்களின் வயிற்றில் வைத்தால் ஒரே தாய்க்கு ஆண்டுக்குப் பல கன்றுகள் கிடைக்கும். 2014-ல் தொடங்கிய ராஷ்டிரிய கோகுல் திட்டத்தில் இந்த வழிக்கு இடம் உண்டு. உறுதியான ஒவ்வொரு சினைக்கும் 5,000 ரூபாய் மானியம் அறிவித்திருந்தார்கள். வயதான ஓர் ஆலம்பாடிப் பசுவிடம் எடுத்த ஏழெட்டு முட்டை கையில் இருக்கும்போது, அவற்றில் ஒன்று கூட எண்ணெய்ப் போத்தலாலோ பிளாஸ்க் சூட்டாலோ போகக் கூடாது. உங்கள் ஆட்டு முட்டை வேலை அதற்கான பயிற்சி.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். மருந்துக்கடையில் ஆன்டிஆக்ஸிடன்ட் பவுடர் வாங்கி மாட்டுக்குக் கொடுத்தால் இதே பலன் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தொழுவத்தில் நிற்கும் மாட்டின் முட்டையைக் காப்பது முதலில் பசுந்தீவனம். வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் பச்சையில்தான் நிறைய. காய்ந்த கேழ்வரகுத் தாளிலும் வைக்கோலிலும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. மாசி முதல் ஆனி வரை தாளை மட்டுமே தின்ற மாடு சினை பிடிக்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. கொஞ்சம் அகத்தி, கொஞ்சம் வேலிமசால், தாது உப்புக் கலவை, மதியத்தில் நிழலும் தண்ணீரும். கோடை வெயிலில் அடிபட்ட முட்டைகள் ஃபாலிக்கிளுக்குள்ளேயே இருப்பதால், வெயில் தணிந்த பிறகும் சில வாரம் சினை பிடிப்பது குறைவாகவே இருக்கும். அதற்குள் மாட்டை மலடு என்று குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப் போய்விட வேண்டாம். வைட்டமின் ஈ, செலினியம் ஊசி மருத்துவர் பார்த்துப் போட வேண்டியது. செலினியம் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு.

தம்பி, அடுத்த ஞாயிறு கறிக்கடைக்குப் போகும்போது பிளாஸ்க்குக்குள் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு மூடுங்கள். தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒரு தடவை, சேலத்தில் ஒரு தடவை, ஆய்வுக்கூடத்தில் திறக்கும்போது ஒரு தடவை பார்த்து, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஞாயிற்றுக் கணக்கையும், எண்ணெய்ப் போத்தலைத் திறந்த தேதியையும் எனக்கு அனுப்புங்கள். சிஸ்டியாமின் எடை போடுவதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.